அம்மா எழுதாத கொப்பி

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் நகையோ பணமோ இருந்ததில்லை, கடதாசிதான். அம்மாயி கடைசிவரை அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தார். தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசி, பிறப்பு அத்தாட்சிகள், சம்பளத் துண்டுகள், இந்தியாவுக்குப் போய்விட்ட சொந்தக்காரர்கள் போட்ட நீலநிற ஆகாயத் தபால்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தோட்டத் தமிழ் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று தலைகளைப் பங்கு போட்டது. அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் எழுத்து உள்ள எந்தத் துண்டையும் அடுப்பில் போட மாட்டார்கள். கடதாசியைக் கவனமாகத் தொடும் பழக்கம் எனக்கு அந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

நான் மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது போனில் வீடியோ பார்த்துக் கலைக் கொப்பி செய்யப் பழகினேன். கையால் தைத்த கொப்பி. அதன் பக்கங்களில் சாயம், துணி, காய்ந்த இலை, பழைய கடதாசி, வர்ணம் என்று பலதும் அடுக்கடுக்காக வரும். எழுதலாம், வரையலாம், ஏதாவது செருகி வைக்கலாம். வீடியோக்களில் ரோஜாப்பூவும் பாரிஸ் கோபுரமும் லேஸ் துணியும் இருந்தன. நானும் ரோஜாப்பூவை இணையத்தில் எடுத்து அச்சடித்து ஒட்டினேன். அழகாகத்தான் வந்தது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்த அம்மா கை கழுவிவிட்டுப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாரு ஊட்டுக் கொப்பி புள்ள?"

அம்மா குறையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யாரோ கொடுத்தது என்று நினைத்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதுவரை, கருப்பொருள் என்பது மேலே ஒட்டும் படத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது அடியில் இருக்கும் கடதாசியிலேயே இருக்க வேண்டும். யாருக்காகக் கொப்பி கட்டுகிறோமோ, அந்த ஆளின் கையில் வாழ்நாளில் என்னென்ன கடதாசி புழங்கியது என்று முதலில் எழுதிப் பாருங்கள். நிறம், தடிப்பு, மட்டை, நூல் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்ளேயே கிடைத்துவிடும். அம்மா முப்பத்தாறு வருசம் கொழுந்து பறித்து ஓய்வுக்கு வந்தபோது அவருக்கு ஒரு கொப்பி கட்டுவது என்று முடிவு செய்தேன். அவர் கையில் புழங்கியது சம்பளத் துண்டு, தேயிலைத் தூள் சுற்றி வரும் கடதாசி, கிளினிக் கொப்பி, கோயில் திருவிழா நோட்டீஸ், சீட்டுக் கணக்கு எழுதிய சி.ஆர். கொப்பி. துணி என்றால் இடுப்பில் கட்டிய ரெட்டு. கயிறு என்றால் தலையில் மாட்டும் கூடைக் கயிறு. ரோஜாப்பூ எங்கும் இல்லை.

மட்டையிலிருந்து சொல்கிறேன். முன்பு தேயிலை பலகைப் பெட்டியில் போனது. இப்போது பல அடுக்குக் கடதாசிச் சாக்கில் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. கிழிந்து கழித்த சாக்கு ஒன்று ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் மாமா மூலம் கிடைத்தது. அடுக்குகளைப் பிரித்தால் உள்ளே நல்ல பழுப்புக் கடதாசி, நார் நீளம், லேசில் கிழியாது. அதைத் தண்ணீரில் நனைத்துப் பந்தாகக் கசக்கி விரிக்க வேண்டும். மறுபடி கசக்கி மறுபடி விரிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் கடதாசியின் முறுக்கு விட்டுப் போய்த் தோல் மாதிரி ஆகிவிடும். காய்ந்தபின் தானியப் பெட்டி அட்டையில் மாப்பசையால் ஒட்டி, மேலே கபில நிறச் சப்பாத்துப் பொலிஷைத் துணியில் எடுத்து மெல்லத் தேய்த்தேன். சுருக்கங்களின் முகட்டில் மட்டும் நிறம் ஏறி, பழைய கங்காணியார் வீட்டுக் கணக்குப் புத்தகம் போல ஆனது. மொத்தச் செலவு பொலிஷ் டின் மட்டுந்தான், அதுவும் அண்ணனுடையது.

முதுகுக்கு அம்மாவின் ரெட்டுத் துணி. துணியை நேரே பசை பூசி ஒட்டினால் பசை ஊறி வெளியே வந்து கறையாகிவிடும். முதலில் துணியின் பின்பக்கம் மெல்லிய டிஷ்யூ கடதாசியை மாப்பசையால் ஒட்டிக் காயவிட்டு, அதன்பின் அட்டையில் ஒட்ட வேண்டும். நம் ஊரில் டிஷ்யூ கடதாசி வாங்க நல்ல நேரம் வெசாக் பண்டிகை முடிந்த கிழமை. விளக்குக் கூடு கட்ட வாங்கி வைத்து மிஞ்சியதைக் கடைகளில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

இனி, என்னை அதிகம் அழ வைத்த விசயத்துக்கு வருகிறேன். ஈரம்.

வீடியோவில் கற்றுத் தருபவர்கள் வெயில் அடிக்கும் ஊரிலோ சூடாக்கிய அறையிலோ இருக்கிறார்கள். "அரை மணித்தியாலம் காயவிடுங்கள்" என்று சொல்கிறார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பராவில் ஆனி மாதம் மூன்று நாள் ஆனாலும் காயாது. மிஸ்ட் கதவிடுக்கால் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். என் முதல் இரண்டு கொப்பிகளும் ஒரே மழையில் வாழைப்பூ மடல் போல விரிந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணமும் பிடித்துவிட்டது.

எங்கே பிழை என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். முதல் பிழை கடதாசியின் ஓட்டம். ஆலையில் கடதாசி செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். ஈரம் பட்டால் நார் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. ஆகவே, ஓட்டம் கொப்பியின் முதுகுக்குச் சமாந்தரமாக இருந்தால் பக்கம் படிந்து கிடக்கும். குறுக்கே இருந்தால் அலை அலையாக எழும். கடையில் வாங்கும் ஏ4 போட்டோகொப்பித் தாளில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அதை நடுவே மடித்து ஏ5 ஆக்கினால் மடிப்புக்குக் குறுக்கே ஓட்டம் வந்துவிடும். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், நானும் செய்தேன். இப்போது பெரிய டிமை தாளோ ஓவியத் தாளோ வாங்கி, ஓட்டம் பார்த்து நானே வெட்டிக்கொள்கிறேன். கண்டுபிடிப்பது லேசு. தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அடம்பிடிக்காமல் வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக் கோடு போகும் திசைதான் ஓட்டம். சந்தேகம் இருந்தால் மூலையில் ஒரு துண்டு கிழித்து ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். அது சுருண்டு குழலாகும், குழலின் நீளவாக்குத்தான் ஓட்டம்.

இரண்டாவது பிழை பசையும் வர்ணமும். அக்ரிலிக் வர்ணம் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுப்பாகவே இருக்கும். இரண்டு வர்ணப் பக்கங்கள் எதிரெதிரே அமுங்கினால் பிரிக்கும்போது உரிந்து வரும். அதற்கு வர்ணப் பக்கத்தின் மேல் வெள்ளை மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் துடைப்பேன். அல்லது நடுவே ஓயில் பேப்பர் ஒன்று வைப்பேன். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்றை வர்ணமில்லாமல் விடுவது எல்லாவற்றையும்விட நல்லது. எழுத இடமும் கிடைக்கும்.

மூன்றாவது, நான் வேலை செய்த மாதம். இதைச் சொல்லித் தந்தவர் ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் மாமா. எங்கள் மேற்குப் பக்கத்து மலைகளில் தை முதல் பங்குனி வரை மழை குறைந்து, காய்ந்த குளிர் காற்று வீசும். அப்போதுதான் தேயிலைக்கு வாசம் ஏறி ஏலத்தில் நல்ல விலை போகும். ஊவாப் பக்கம், பண்டாரவளை, பதுளை ஆட்களுக்கு அது ஆடி, ஆவணி, புரட்டாசி. "கொழுந்து நல்லா வாடுற மாசந்தான் ஒங் கடதாசிக்கும் மாசம்" என்றார் மாமா. அன்றிலிருந்து சாயம் போடுவது, பசை போடுவது எல்லாம் தையிலும் மாசியிலும்தான். மழைக் காலத்தில் வெட்டுவேன், மடிப்பேன், ஓட்டை போடுவேன், ஊசி வேலை செய்வேன். ஈரம் படாத வேலைகள் அவை.

சாயம் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கடதாசியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழசாக்குவதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் நிறம் அல்ல, எங்கள் கை ரேகையில் நிற்கிற கறை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி தூள் போட்டு, கறுக்கக் கொதிக்கவைத்து வடித்து, அகலமான தட்டில் ஊற்றித் தாளை ஒவ்வொன்றாக இறக்குவேன். பத்து நிமிசம் போதும். அடுக்கி ஊறப்போட்டால் நடுத் தாளுக்கு நிறம் ஒழுங்காக ஏறாது. ஒருமுறை இனாமல் பூச்சு உடைந்த பழைய இரும்புத் தட்டில் ஊற்றிவிட்டேன். உடைந்த இடத்தில் துரு இருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் தாளில் கருநீலப் புள்ளிகள். தேயிலையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும். பழைய காலத்து எழுதும் மையும் அதே முறையில்தான் கடுக்காய் போன்ற துவர்ப்புக் காய்களிலிருந்து செய்யப்பட்டது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே துருப்பிடித்த ஆணிகளை ஈரத் தாளின் மேல் அடுக்கி ஓர் இரவு விட்டேன். லயத்துக் கூரைத் தகரத்தில் மழை இறங்கிய கறை போலவே அச்சு விழுந்தது. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. ஆனால் இரும்புக் கறை வருசக்கணக்கில் கடதாசியை அரித்துவிடும். ஆகவே அதை ஒன்றிரண்டு அலங்காரப் பக்கங்களோடு நிறுத்துகிறேன். பக்கத்தில் முக்கியமான படமோ எழுத்தோ வைப்பதில்லை.

மஞ்சள் கரைத்தும் நிறம் போடலாம். பார்க்க அருமையாக இருக்கும். வெளிச்சத்தில் சில கிழமைகளில் மங்கிவிடும். சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும். வெற்றிலை போடுகிற வீட்டில் அது நடந்தே தீரும்.

கொழுந்தைக் காயவைத்து ஒட்டுவதில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி நேரே புத்தகத்துக்குள் அமுக்கினால் ஓரிரு நாளில் செம்பு நிறமாகிவிடும். ஸ்டோரில் தேயிலை அரைபட்டுச் சிவக்கிற அதே வேலை இலைக்குள் மெதுவாக நடக்கிறது. அமுக்குவதற்கு முன் இட்டலிச் சட்டியில் ஒரு நிமிசம் ஆவி காட்டினால் அந்த வேலை நின்றுபோய், இலை பச்சையாகவே காயும். பச்சைத் தேயிலை செய்யவும் இப்படித்தான் சூடு காட்டுகிறார்கள். அம்மாவின் கொப்பியில் ஆவி காட்டியது ஒன்று, காட்டாதது ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அம்மா பார்த்ததும் "இது மலையில, இது ஸ்டோர்ல" என்று இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். வேறு விளக்கம் எதுவும் எழுதத் தேவைப்படவில்லை. பச்சை இலையும் வெளிச்சத்தில் வெளிறும், மூடிய கொப்பிக்குள்தான் தங்கும்.

தைப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு தாளைச் சேர்த்து மடித்தால் பதினாறு பக்கத்தில் ஒரு கட்டு. மூன்று கட்டுகள் போதும், ஆசைப்பட்டு ஐந்து வைக்காதீர்கள். மடிப்பில் ஐந்து ஓட்டைகளைச் சாக்கு ஊசியால் போட்டு, நடு ஓட்டையில் தொடங்கி நடு ஓட்டையிலேயே முடிக்க வேண்டும். ஒரு கட்டுக்கு நூல் கொப்பி உயரத்தைப் போல மூன்று மடங்கு எடுத்தால் தட்டுப்படாது. தையல் நூலை இரட்டையாக்கி மெழுகில் இழுத்துக்கொண்டால் முடிச்சு வழுக்காது. பக்கங்களில் இலை, துணி, பை எல்லாம் வரும்போது கொப்பி முன்பக்கம் பருத்து வாயைப் பிளக்கும். இதற்காக ஒவ்வொரு கட்டிலும் இரண்டு தாள்களை மடிப்பிலிருந்து இரண்டு சென்டிமீற்றர் மட்டும் விட்டு வெட்டிவிடுகிறேன். அந்தக் குட்டைத் தாள்கள் முதுகைப் பருமனாக்கும், முன்னால் இடம் விடும். முதுகு அகலத்தை நாலு சென்டிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். மெலிந்த கொப்பி அழகாகத் தெரிவது முதல் நாள் மட்டும்தான்.

படத்தைக் கடதாசிக்கு மாற்றும் வேலையில் தாத்தாவின் முகத்தை ஒருமுறை கரைத்துவிட்டேன். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த பிரதி அது. அந்த மை தண்ணீரில் ஓடும். கடையில் லேசர் இயந்திரத்தில் எடுத்த போட்டோகொப்பிதான் வேண்டும். படத்தை இடவலம் மாற்றி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி வரும். கொப்பிப் பக்கத்தில் பைண்டர் கம் என்கிற வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, படம் கீழே பார்க்க ஒட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு நாள் என்று கணக்கு வையுங்கள். பிறகு ஈர விரலால் வட்டமாகத் தேய்த்தால் கடதாசி நூல் நூலாக உருண்டு போகும், மை மட்டும் தங்கும். அவசரப்பட்டால் கண்ணும் மூக்கும் சேர்ந்து வந்துவிடும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்று தவணையில் தேயுங்கள்.

இப்போது சொல்லப்போவது எனக்கு இன்னும் வலிக்கிற விசயம். அம்மாவின் சம்பளத் துண்டுகளில் ஐந்தாறை, பிரதி எடுக்காமல், அசலையே ஒட்டினேன். அவர் பெயர், பேர் நம்பர், பறித்த கிலோக் கணக்கு எல்லாம் மங்கலான மையில் இருந்தன. அசல்தான் உயிரோடு இருக்கும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஒட்டியது பைண்டர் கம்மில். சில மாதம் கழித்து சேமலாப நிதிக் காசு எடுக்கப் போனால், அம்மா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதென்று பழைய துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். பைண்டர் கம் காய்ந்தால் காய்ந்ததுதான். தண்ணீரில் ஊறவைத்தாலும் சுத்தமாகக் கழராது. கடைசியில் பக்கத்தையே வெட்டி எடுத்துக்கொண்டு போனோம், தேயிலைச் சாயமும் காய்ந்த கொழுந்துமாக. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை போனபோதுதான் ஏற்றுக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவரின் பேத்தி நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அசலை ஒட்டுவதே இல்லை. பிரதியைத்தான் ஒட்டுகிறேன். பிரதியைத் தேயிலையில் நனைத்தால் அசல்போலவே இருக்கும், லேசர் மை கரையாது. அசலைக் கொப்பியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒட்டாமல், நாலு மூலைக்கும் கடதாசி மூலைப்பை செய்து செருகுகிறேன். ஒட்டியதைப் பின்னால் எடுக்க வேண்டி வரலாம் என்றால் மாப்பசைதான். ஒரு பங்கு கோதுமை மா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி விழாமல் கரைத்து, சின்ன நெருப்பில் கண்ணாடி நிறம் வரும்வரை கிண்ட வேண்டும். ஈரம் காட்டினால் எப்போதும் விட்டுவிடும். இரண்டு நாளில் புளித்துவிடும், கொஞ்சமாகச் செய்யுங்கள். தேர் அலங்காரம் செய்யும் பெரியவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் தொடும் கொப்பியில் நான் போடுவதில்லை. பெட்டிக்குள் நாலு கிராம்பும், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றும் போட்டு வைக்கிறேன்.

கொப்பியை அம்மாவுக்குக் கொடுத்து ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். எழுதவென்று விட்ட பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் பேனை பிடிக்கக் கூச்சம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் கொப்பி பருத்திருந்தது. அழகுக்கென்று கடைசியில் ஒட்டிய இரண்டு கடித உறைகளுக்குள் ஒரு விபூதிப் பொட்டலம், கிளினிக் துண்டு, பேப்பர் துண்டில் மடித்த போஞ்சி விதை, அண்ணனின் சின்ன வயதுப் படம், ஒரு சட்டைப் பொத்தான் எல்லாம் இருந்தன. உறைகளின் அடி கிழியத் தொடங்கியிருந்தது.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது பக்கம் அல்ல, பை. தகரப் பெட்டியைக் கையில் கொண்டுபோகிற அளவுக்கு நான் செய்து கொடுத்திருக்கிறேன், எனக்கே அது தெரியவில்லை.

அடுத்த கொப்பியைப் பையிலிருந்து தொடங்கினேன். பையை ஒட்டுவதைவிட உறையையே ஒரு பக்கமாக மடிப்போடு சேர்த்துத் தைத்தால் கிழியாது. ஒட்டத்தான் வேண்டுமென்றால் வாயை மேல்பக்கமோ வெளிப்பக்கமோ வைக்காமல் முதுகைப் பார்த்து வையுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றும் கொட்டாது. அடியிலும் பக்கவாட்டிலும் ஒரு சென்டிமீற்றர் விசிறி மடிப்பு விட்டால் பொத்தானும் விதையும் போட்டாலும் பை வெடிக்காது. பையின் மூலைகளுக்கு நான் பாவிப்பது குடித்து முடித்த தேயிலைப் பைக் கடதாசி. தூளைக் கொட்டிக் கழுவிக் காயவைத்தால் மெல்லிய, ஒளி ஊடுருவும் கடதாசி கிடைக்கும். நனைந்தாலும் கிழியாத நார் அது. லயத்தில் யாரும் அப்படித் தேயிலை குடிப்பதில்லை. நுவரெலியாவில் ஹோட்டல் வேலை செய்யும் ஒரு தங்கச்சி சேர்த்து வைத்துத் தருகிறாள்.

இப்போது அம்மா பையிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போது அதன் கதையும் கூடவே வருகிறது. "இந்தப் போஞ்சி, அம்மாயி பத்தாம் நம்பர் லயத்துப் பின்னால போட்டது. அந்த வெதையிலருந்துதான் இன்னமும்" என்பார். நான் பைக்குக் கீழே தேதி போட்டு அதே பேச்சில் இரண்டு வரி எழுதிவிடுவேன். அவர் பேசுவதை இலக்கணத் தமிழுக்குத் திருத்தி எழுதுவதில்லை. முதல் தடவை திருத்தி எழுதி வாசித்துக் காட்டியபோது, வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேறு கருப்பொருள்களிலும் செய்தேன். அதிகம் அனுபவித்துச் செய்தது கோச்சிக் கொப்பி, அதாவது ரயில் கொப்பி. இதற்குத் தைத்த பக்கங்கள் பொருந்தவில்லை. பாதை நீளமாகப் போக வேண்டும் என்று விசிறி மடிப்பில் செய்தேன். ஒவ்வொரு மடிப்பும் ஒரு ஸ்டேசன். ஹட்டனில் தொடங்கி கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என்று ஏறி, பட்டிப்பொலைக்குப் பக்கத்தில் 1,898 மீற்றர் உயரத்தில் உச்சிக்குப் போய், ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வழியாகப் பதுளைக்கு இறங்குகிறது. பாதை நானுஓயாவுக்கு 1885இலும் பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்தது. ஆகவே நானுஓயா வரையான மடிப்புகளுக்குக் கடுஞ்சாயம், அதற்கப்பால் இளஞ்சாயம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோச்சி உள்ளே போனதும் எல்லாரும் கூவுவோம். அந்த மடிப்பு முழுவதையும் கறுப்பாக்கி ஒன்றும் எழுதாமல் விட்டேன். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி அந்த ஸ்டேசனுக்கு அடியாலேயே போகிறது. அதற்கு அந்த மடிப்பில் இரண்டு கீறல் போட்டு, ஒரு கடதாசிப் பட்டியை மேலிருந்து உள்ளே விட்டு அடியால் எடுத்தேன். இழுத்தால் கோச்சி ஓடும். அதைச் செய்ய ஏழு மாதிரி வெட்டினேன். என் முன்பள்ளிப் பிள்ளைகள் அந்த ஒரு மடிப்பையே இழுத்து இழுத்துக் கிழித்துவிட்டார்கள். இப்போது பட்டியை எக்ஸ்ரே படத்தில் வெட்டி வைத்திருக்கிறேன். பழைய எக்ஸ்ரே படம் அச்சுத் தகடு வெட்டவும் நல்லது, பத்து வருசம் ஆனாலும் நனையாது.

மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஒரு கொப்பி தொடங்கி, பாதியில் நிற்கிறது. மதனும் ரதியும் வைக்கும் கிரீடங்களில் ஜிகினாக் கடதாசியும் கிரேப் கடதாசியும்தான் மின்னும். கிரேப் கடதாசி ஈரம் பட்டால் சாயம் விடும். வழக்கமாக அது தொல்லை. இங்கே அதையே வர்ணமாக எடுத்துக்கொண்டேன். நனைத்த தாளின் மேல் கிழித்துப் போட்டு எடுத்தால் கூத்து விடியும் நேரத்து வானம் கிடைக்கும். காமனை எரிக்கும் பக்கத்துக்கு ஓரங்களைக் கருக்கப் பார்த்தேன். கருகிய ஓரம் தொட்டாலே உதிரும், பைண்டர் கம்மில் தண்ணீர் கலந்து தூரிகையால் ஒத்தி எடுத்தால்தான் நிற்கும். எரிக்கும்போது பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள், பலகைத் தரையில் செய்யாதீர்கள். ரதி அழும் பக்கத்தை எப்படிச் செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. அவசரப்பட்டு ஒப்பேற்ற மனமில்லை.

விற்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று கொடுத்திருக்கிறேன். ஒரு கொப்பிக்கு நான்கு கிழமை போகிறது. காய்வதற்கே பாதி நேரம். அதை விலையில் சொன்னால் வாங்குபவர் முகம் மாறும். ஆகவே கட்டிக் கொடுப்பதைவிட, கட்டச் சொல்லிக் கொடுப்பதைத்தான் விரும்புகிறேன். சனிக்கிழமைகளில் நாலைந்து பெண் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் அவர்களுக்கு நான் கத்தரிக்கோல் கொடுப்பதில்லை. வீட்டில் உள்ள கடதாசிகளைப் பார்த்து, அவற்றைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்கிறேன். ஒரு பிள்ளை தன் அப்புச்சியின் கையெழுத்தை முதல்முறையாகப் பார்த்ததாகச் சொன்னாள்.

போன கிழமை அம்மா கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"புள்ள, இன்னொரு பை வேணும். பெருசா."

"எதுக்கும்மா?"

"காணி உறுதி குடுத்தா வைக்கறதுக்கு."

காணி உறுதிப் பத்திரம் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று யாரும் சொல்லவுமில்லை. கொப்பி ஏ5 அளவு, உறுதி நீளத் தாளில் இருக்கும், மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றேன். மடித்தால் மடிப்பில் எழுத்து அழிந்துபோகும், மடிக்காமல் வைக்கிற மாதிரி செய் என்றார். மழை விடவில்லை. மடிக்காத நீளத் தாள் நுழையும் அளவுக்கு அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், ஓட்டமும் பார்த்தாயிற்று. தை பிறந்ததும் பசை காய்ச்ச வேண்டும்.